டின்ட் குமிழும் அரக்குச் சேலையும்

எதையும் தேதியோடு எழுதி வைப்பவன் நான். பிக்கட்டிப் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் அந்தக் கல்யாண வீடியோ கேசட்டைப் போட்ட நாளுக்கு மட்டும் தேதி எழுதவில்லை. சிலோனிலிருந்து குடும்பங்கள் இன்னும் வந்துகொண்டிருந்த எண்பதுகளின் தொடக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தான் தோற்ற நாளையும் குறித்து வைக்கும் அளவுக்கு நான் நேர்மையான வரலாற்றாசிரியன் அல்ல.

பக்கத்து வீட்டு அக்கா தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தவர். மூத்த மகளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் அவள் ஹட்டன் பக்கமே தங்கிவிட்டாள். அவளுடைய கல்யாணத்துக்கு அக்காவால் போக முடியவில்லை. குன்னூரில் ஓர் அரக்குச் சேலை எடுத்து, அங்கே போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். தாலி கட்டும்போது மாப்பிள்ளை வீட்டார் தரும் கூறைச் சேலையைக் கட்டுவதுதான் வழக்கம். அது கத்தரிப்பூ நிறமாம். அதை விட்டுவிட்டுத் தன் சேலையை மகள் கட்டினாளா என்பதுதான் அக்காவுக்குத் தெரிய வேண்டும்.

“கேட்டா, கட்டுனேன்னுதான் சொல்லுவா. நான் பாக்கணும் தம்பி” என்றார்.

மாப்பிள்ளையின் கனடாச் சித்தப்பா தன் வீடியோ கேமராவில் கல்யாணத்தைப் பிடித்திருந்தார். அந்த கேசட் வந்ததும் அக்கா நேராக என்னிடம் கொண்டுவந்தார். லயத்தில் கலர் டிவி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். குந்தாப் பள்ளத்தில் என் ஆண்டெனாவுக்குப் புள்ளி மழைதான் தெரியும் என்பது வேறு விஷயம்.

வாடகை வீடியோ டெக்கில் போட்டேன். படம் மேலே உருண்டு ஓடியது. பின்பக்கத் திருகைத் திருப்பி நிறுத்தினேன். மணப்பெண் தெரிந்தாள், கறுப்பு வெள்ளையில். அரக்கும் கத்தரிப்பூவும் அதில் ஒரே சாம்பல்.

“கலர் வரலை” என்று வாசலில் நின்றவர்களிடம் கத்தினேன். சற்று நேரத்தில் முக்குக் கடைக்காரர் சோடாப் பெட்டியோடு வந்து நின்றார். “ஏனுங்க, கலர் வரலைன்னு சொன்னீங்களாமே. எத்தன பாட்டலு வேணுங்க?”

எல்லாரும் ஆளுக்கொரு கலர் குடித்தபடி என் விளக்கத்தைக் கேட்டார்கள். படத்தில் வெளிச்சம் ஒரு பங்கு, நிறம் ஒரு பங்கு. வெளிச்சம் எந்த டிவிக்கும் புரியும். நிறத்தை நாட்டுக்கு நாடு வேறு முறையில் மடித்து அனுப்புகிறார்கள். கனடாக்காரர்கள் முறை வேறு, நம்முடையது பி-ஏ-எல், அதாவது பால் முறை என்றேன்.

“பாலா? எரும பாலா, பசும்பாலா தம்பி?” என்றார் அக்காவின் கணவர். அதற்குமேல் என் விளக்கம் எடுபடவில்லை.

மறு ஞாயிறு, வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரின் டிவியைக் கெஞ்சி வாங்கி வந்தேன். இரு நாட்டு முறையும் தெரிந்த டிவி. நிறம் வந்தது. கூடவே, முன்னால் டின்ட் என்று ஒரு குமிழும் இருந்தது. கனடா முறையில் வரும் வழியிலேயே நிறம் நழுவிவிடுமாம். பார்ப்பவர்தான் குமிழைத் திருப்பிச் சரிசெய்துகொள்ள வேண்டும். திருப்பத் திருப்பச் சேலை நீலமானது, ஊதாவானது, சிவப்பானது.

நான் படித்தவன் அல்லவா? பந்தல் வாழை இலை பச்சையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துவதே முறை என்று அறிவித்து, நிறுத்தினேன். இலை பச்சை. முகங்கள் மாநிறம். சேலை, சுத்தமான கத்தரிப்பூ.

கடைக்காரர்கூட பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா எழுந்து வந்து குமிழைத் தானே பிடித்தார். மெதுவாகத் திருப்பினார். சேலை சிவந்து, இருண்டு, அரக்காகி நின்றது. மாப்பிள்ளையின் முகத்தில் பாசி படர்ந்தது. தாலியை எடுத்துக் கொடுத்த ஐயருக்கும் அதே கதி.

என் வாய் சும்மா இருக்காது. “அக்கா, வாழை மரம் நீலமா இருக்குதுங்க.”

“வாழ எப்புடியும் கெடக்கட்டும் தம்பி” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எம்புள்ள என் சாரியைத்தான் கட்டியிருக்கா.”

பிறகு லயம் முழுவதையும் கூப்பிட்டு அனுப்பினார். ஒவ்வொரு வீட்டாராக வந்து, பச்சை மாப்பிள்ளையைப் பார்த்து, சேலை பிரமாதம் என்று சொல்லிப் போனார்கள். நானும் சொன்னேன். சாயங்காலம்வரை அக்கா அந்தக் குமிழுக்குப் பக்கத்திலேயே, என் கைக்கு எட்டாதபடி உட்கார்ந்திருந்தார்.