வாய்க்கால் கரையில் வேறொரு காலடி

தர்மபுரி டவுனில் எங்கள் அத்தாவுக்குத் தையல் கடை. எனக்கு அந்தத் தொழில் கை வரவில்லை. அறுபதுகளின் கடைசியில் மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை கிடைத்து, காரிமங்கலத்துக்குக் கிழக்கே தென்பெண்ணை ஓரத்து ஊர் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். இருபத்து நாலு வயது, ஒண்டிக்கட்டை. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள்.

எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஓட்டம் பிடிக்கும். பரிசெல்லாம் வாங்கியதில்லை, ஆனால் ஓடாத நாள் முழுக்க உடம்பு கனமாக இருக்கும். விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அணையிலிருந்து வரும் வாய்க்கால் ஊருக்கு மேற்கே போகிறது. அதன் கரையில் முதல் மதகிலிருந்து மூன்றாம் மதகு வரை ஓடி, அங்கே வண்டிப்பாதையில் இறங்கிக் கரும்புக் கொல்லைகளைத் தாண்டி ஆற்றுக்குப் போவேன். பிறகு நாணல் ஓரமாகவே பாலம் வரை வந்து ஊருக்குத் திரும்பினால் ஆறு மைல் ஆகிவிடும்.

அந்த ஊரில் யாரும் காரணமில்லாமல் ஓடியதில்லை. முதல் வாரம் பரிதாபப்பட்டுக் கேட்டார்கள்: "என்னங்க சார், மாடு கீடு தப்பிருச்சுங்களா?" இரண்டாம் வாரம் சிரித்தார்கள். ஒரு மாதம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் சி.ஐ.டி. என்று ஒரு பேச்சு. அக்கரையில் எவளோ இருக்கிறாள் என்று இன்னொரு பேச்சு. ஆற்றோரத்துக் கொல்லைக்காரர் ஒருவர் நான் வருவது தெரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டு, நான் கண்ணிலிருந்து மறையும் வரை மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் வணக்கம் சொன்னேன். அவர் மண்வெட்டியை மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், மேல்மடை வயல்களுக்கு மூன்று நாள், கடைமடைக்கு மூன்று நாள் என்று. கடைமடை முறை நாட்களில் மூன்றாம் மதகை இறுக மூடியிருக்க வேண்டும். ஆனால் அந்த மதகுக்குக் கீழே உள்ள வயல்களில் அந்த நாட்களிலும் தண்ணீர் நின்றது. கடைமடையில் நாற்று கருகியது. இருட்டோடு யாரோ மதகை மூடியிருக்கும் பலகையைத் தூக்கிவிடுகிறார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. விடியற்காலையில் கரையில் திரியும் ஆள் யார்? நான்தான். டீக்கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு அறுந்துபோகும்.

என் சந்தேகம் லஸ்கர்மேல் இருந்தது. மதகுகளைத் திறந்து மூடும் கவர்ன்மென்ட் ஆளை அங்கே லஸ்கர் என்பார்கள். நாற்பது வயதுக்காரர், கரையடியிலேயே வூடு. கொஞ்ச காலமாக எப்போது பார்த்தாலும் முதல் மதகுத் திட்டில் கால்மேல் துண்டைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் நடந்து நான் பார்த்துச் சில மாதம் ஆகியிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருத்தர் மூன்று மதகை எப்படிப் பார்க்கிறார்?

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலடியைக் கண்டேன். ஈரக் கரையில், எனக்கு முன்னால், வெறுங்கால் தடம். நடந்த தடம் இல்லை. விரல் பக்கம் ஆழமாகப் பதிந்திருந்தது, குதிகால் லேசாகத்தான் பட்டிருந்தது, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நல்ல தூரம். நொண்டும் மாடுகளின் காலைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. ஓடுகிற கால் எது, நடக்கிற கால் எது என்று தெரியும். குனிந்து ஷூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் காலைவிட நாலு விரல் சின்னது. அடுத்தடுத்த நாட்களிலும் இருந்தது, மூன்றாம் மதகு வரை.

ஒரு சாயங்காலம் டீக்கடையில் கடைமடைக்காரர் ஒருவர், பெரிய மீசை வைத்தவர், என் காதில் விழும்படியே சொன்னார்: "வெளியூர்க்காரனுக்கு நம்ம வயிறு காஞ்சா என்ன, காயாட்டி என்ன?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் இல்லீங்க. எனக்கு முன்னாடி தினமும் ஒருத்தர் ஓடறாரு. வெறுங்கால் தடம் இருக்குது. வந்து பாருங்க" என்றேன்.

மீசைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "நாளைக்குக் காத்தால வாய்க்கா ஓவர்சியரையே கூட்டியாறேன். காட்டுங்க."

மறுநாள் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று வழக்கத்துக்கு முன்னாலேயே கிளம்பினேன். கிழக்கே வெளுக்கத் தொடங்கியபோது மூன்றாம் மதகை நெருங்கிவிட்டேன். தண்ணீருக்குள் ஒரு பெண் நின்றிருந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருந்தாள். லஸ்கரின் மனைவி. ஆனால் பலகையைத் தூக்கவில்லை. களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து பலகைக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் கை அப்படியே நின்றது. "வந்துட்டீங்களா? உங்களை அனுப்பிச்சது ஓவர்சியருங்களா?" என்றாள்.

"என்னை யாரும் அனுப்பலீங்க."

"பொய் சொல்லாதீங்க. ஒன்றரை வருசமா தினமும் இந்தக் கரையை அளந்துட்டுப் போறீங்க. உங்க ஷூ சத்தம் கேட்டா நான் தாழைப் புதருக்குள்ள பூந்துக்குவேன். எங்க வூட்டுக்காரரை வேவு பாக்கத்தானே வந்திருக்கீங்க?"

அவள் சொல்லி முடிக்கும்போது எனக்குக் காது சுட்டது. ஊர் என்னைச் சந்தேகப்பட்டது, நான் லஸ்கரைச் சந்தேகப்பட்டேன். இவள் என்னைப் பார்த்துப் பயந்து முள்ளுக்குள் ஒளிந்திருக்கிறாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அஞ்சு மாதத்துக்கு முன்னால் பலகைக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டி லஸ்கரின் முழங்கால் நசுங்கிவிட்டது, இப்போது மடங்குவதில்லை. வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. கால் போனது தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் விடிவதற்குள் இவளே ஓடி மதகுகளை முறைப்படி திறந்து மூடிவிட்டு, ஆற்றுப் பக்கமாகத் திரும்பிவிடுகிறாள். மூன்றாம் மதகுப் பலகை அடியில் உளுத்துப்போயிருந்தது, மூடினாலும் ஒழுகும்; அடைத்த மண்ணும் மதியத்துக்குள் கரைந்துவிடும்.

"ரிப்போர்ட் பண்ணலாமில்லீங்க?"

"பண்ணினா ஓவர்சியர் வருவாரு. வந்தா காலைப் பாப்பாரு."

"இன்னிக்கே வர்றாருங்க" என்றேன். "நான்தான் தடத்தைப் பத்திச் சொல்லிட்டேன்."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. கையிலிருந்த களிமண்ணைத் தண்ணீரில் விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். "நீங்க ஆத்துப் பக்கமா போயிருங்க. கரையை நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கு ஓடியதுபோல் மோசமாக நான் ஓடியதே கிடையாது. காலை இழுத்து, மண்ணைக் கீறி, மூன்றாம் மதகிலிருந்து முதல் மதகு வரை போய், திரும்பி, மறுபடியும் போனேன். அவள் விரல் பதிந்த ஒவ்வொரு இடத்திலும் என் ஷூ விழுந்தது. முதல் மதகுத் திட்டில் லஸ்கர் உட்கார்ந்திருந்தார். நான் குறுக்கும் நெடுக்கும் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எட்டு மணிக்கு ஓவர்சியர் சைக்கிளில் வந்தார், கூடவே மீசைக்காரரும் ஏழெட்டுப் பேரும். "எங்கய்யா தடம்?"

"காணோமுங்க."

மீசைக்காரர் கரையைப் பார்த்தார், பிறகு என் ஷூவைப் பார்த்தார். "எல்லாம் உங்க தடமாத்தானே இருக்குது?"

நான் மூன்றாம் மதகில் இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, திணித்திருந்த களிமண்ணைத் தோண்டி எடுத்தேன். உளுத்த மரம் கையோடு பிய்ந்து வந்தது. "யாரும் தூக்கலீங்க, அதுவா ஒழுகுது." ஓவர்சியரும் குனிந்து கையை விட்டுப் பார்த்தார். பத்து நாளில் புதுப் பலகை வந்தது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

திரும்பும் வழியில் ஓவர்சியர் முதல் மதகில் நின்று, பலகை உளுத்ததை ஏன் சொல்லவில்லை என்று லஸ்கரைச் சத்தம் போட்டார். லஸ்கர் மதகுக் கம்பியைப் பிடித்து எழுந்து, ஒற்றைக் காலில் பாரம் கொடுத்து, வசவு தீரும் வரை நின்றார். அந்தக் காலை ஓவர்சியர் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாரா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. உள்ளே லஸ்கர். இறங்கவில்லை, என்னைக் கூப்பிட்டார்.

"எம் பொண்டாட்டிக்கு நீங்க ஏனுங்க பரிஞ்சுக்கிட்டு வரணும்?"

"நான் சொன்னதுதானே வினையாச்சு, அதுக்குத்தானுங்க."

"ஒன்றரை வருசம் அவளும் ஓடியிருக்கா, நீங்களும் ஓடியிருக்கீங்க. ஒரே கரையில."

அவள் ஓடியது அஞ்சு மாதம்தான் என்று திருத்த வாயெடுத்தேன். எனக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருப்பதே தப்பாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். "காலை தர்மபுரி பெரியாஸ்பத்திரியில காட்டுங்க, தள்ளிப்போடாதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

"நான் மாடு இல்லீங்க" என்றார். "நாளையிலேர்ந்து அந்தக் கரைப்பக்கம் வராதீங்க." வண்டியைத் திருப்பச் சொன்னார்.

அதன்பிறகு ஆற்றோரமாக மட்டும் ஓடினேன். ஊர் அதையும் கவனித்தது. உளுத்த பலகை இவனுக்கு எப்படித் தெரிந்தது, இப்போது ஏன் கரைக்குப் போவதில்லை என்று புதுக் கேள்விகள் முளைத்தன. யாரோ மேலே மனு எழுதிப் போட்டார்கள். என்னைக் கடத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். நான் வருத்தப்படவில்லை, ஆனால் அங்கே ஓடுவதற்கு வாய்க்கால் இல்லை. ரோட்டில்தான் ஓடினேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் காரிமங்கலம் சந்தையில் அவளைப் பார்த்தேன். அவள்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு வருஷம் பிடிவாதமாக இருந்துவிட்டு, பிறகு லஸ்கர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கால் பாதி மடங்குகிறதாம். வேலையும் பெர்மனென்ட் ஆகி, அணையில் வாட்ச்மேனாகப் போட்டுவிட்டார்களாம். சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைப் பொறுக்கியபடியே கேட்டாள்: "அன்னிக்கு எதுக்குங்க அப்படி ஓடி ஓடி அழிச்சீங்க?"

"நான் கெளப்பி விட்டதை நான்தானுங்களே அடக்கணும்?"

"அவ்ளோதானா?"

"அவ்ளோதானுங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு அது முழுசாகப் படவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக யாரும் இல்லாத கரையில் ஓடிக்கொண்டிருந்தவனுக்கு, முன்னால் ஒரு தடம் தெரியத் தொடங்கிய பிறகு தினமும் சீக்கிரம் விழிப்பு வந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"அவரு இன்னும் நம்பலீங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். புளியமரத்தடியில் கைத்தடியோடு லஸ்கர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் தூக்கவில்லை.