இடைவெளி இல்லாத கோடு

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. ராஜபாளையத்தில் நானும் நண்பனும் சேர்ந்து வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுத்து வருகிறோம். எந்த வீட்டு லைனில் எவ்வளவு டேட்டா போகிறது என்பது எங்கள் கம்ப்யூட்டரில் கோடாக ஓடிக்கொண்டிருக்கும். யார், எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியாது; அளவு மட்டும் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் இணைப்பு வாங்கியிருந்த ஒரு பெரியவர் தனியாக இருந்தார். மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மதியம் சாப்பிட்டுப் படுக்கும்போது மோடத்தைச் சுவிட்சிலேயே அணைத்துவிடுவார். கரண்டும் மிச்சம், இடி மின்னலுக்கும் பயமில்லை என்பது அவர் கணக்கு. தினமும் அவர் கோடு அறுந்து, சாயங்காலம்தான் மறுபடி தொடங்கும். "பெருசு படுத்துருச்சுலே, நாமளும் சாப்பிடப் போவமா?" என்பான் நண்பன்.

ஒருநாள் காலையில் அவருடைய மகள் கோயம்புத்தூரிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, நேத்துச் சாயங்காலத்துலருந்து அப்பா போன எடுக்கல. அங்க நெட்டு எதுவும் போயிருச்சா?"

நண்பன் திரையைப் பார்த்தான். "நல்லாத்தான ஓடுது. டிவி பாத்துட்டு இருக்காவ. போனச் சைலன்ட்ல போட்டிருப்பாவ."

எதையும் பின்னால் போய்ப் பார்ப்பது என் பழக்கம். கோட்டை முந்தின நாளுக்கு நகர்த்தினேன். மதியம் அது அறுந்திருக்கவில்லை. இரவு தூங்கும் நேரத்திலும் இறங்கவில்லை. ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சீராகப் போயிருந்தது.

பக்கத்து வீட்டைக் கூப்பிடுமாறு மகளிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் போவதற்குள் அவர்கள் பின்கதவை உடைத்திருந்தார்கள். பெரியவர் அடுப்படியில் கிடந்தார். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. களைந்த அரிசி உலையில் போடாமல் பாத்திரத்திலேயே ஊறிக் கிடந்தது. டிவியில் செய்திச் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் சில நாட்களில் இறந்துபோனார்.

காரியம் முடிந்து மகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மோடத்தை மேசையில் வைத்து, இணைப்பை எடுத்துவிடச் சொன்னார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"டாக்டரும் சரியாச் சொல்ல மாட்டேங்காவ. அப்பா எம்புட்டு நேரம் அப்படிக் கெடந்தாவன்னு ஒங்க கம்ப்யூட்டர்ல தெரியுமாண்ணே?"

நண்பன் என் முகத்தைப் பார்த்தான். அவர் போன் செய்ததற்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பெரியவர் விழுந்திருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"டேட்டா போனது மட்டுந்தாம்மா தெரியும். ஆளு தெரியாது" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நாளும் நேரமும் குறிக்காமல் எதையும் விடாத நான், தெரிந்த ஒரு நேரத்தைத் தெரியாது என்றது சரிதானா என்று இன்றும் முடிவுக்கு வர முடியவில்லை. அந்தப் பெண் அதை நம்பியிருந்தால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.