முதுகு காட்டிய கிளி

அட்டையில் பூ, மாங்காய், கிளி என்று வெட்டி அதன்மேல் பூப்போட்ட காகிதம் ஒட்டுவது எனக்குக் கைவந்த வேலை. தொண்ணூறுகளில் கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு பைண்டிங் கடையில் இருந்தேன். நோட்டு அட்டை வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளையும், டைரிக்கு ஒட்டும் பளபளப்புக் காகிதத்தின் ஓரங்களையும் முதலாளியிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

எதிர்வீட்டுக்காரி கல்லூரியில் படித்தாள். என் வயதுதான். எங்கள் பக்கம் கைக்குழந்தையைக்கூட "வாங்க, சாப்பிடுங்க" என்றுதான் கொஞ்சுவார்கள். நாங்கள் இருவர் மட்டும் எப்போதும் வாடீ போடீதான். கோபம் வந்தால் மட்டுமே எங்களுக்குள் "ங்க" வரும். "சொல்லுங்க" என்று ஒருத்தி ஆரம்பித்தால் போதும், மற்றவள் பயந்துபோய்ச் சமாதானத்துக்கு வந்துவிடுவாள்.

அவளுக்கு அவிநாசியில் மாப்பிள்ளை நிச்சயமானது. பள்ளிக்கூடம் முதல் நிச்சயதார்த்தம் வரை எடுத்த போட்டோக்களை வைத்து ஓர் ஆல்பம் செய்து தருகிறேன் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அதற்கே போயின. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் துளி போட்டுப் பசை கிண்டுவேன். பக்கத்துக்கு ஓர் உருவம். ஓரம் பிசிறாமல் காகிதத்தை மடித்து ஒட்டுவதற்குள் கழுத்து இற்றுவிடும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றபடி கதை பேசுவாள்.

கடைசிப் பக்கத்தில், யூனிஃபார்மில் நாங்கள் இருவரும் நிற்கும் போட்டோ. அதன் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு கிளிகள் வைப்பதாக இருந்தேன். "ஒண்ணாச்சும் நானு செய்யறேன்டீ" என்று அவள் பிடுங்கிக்கொண்டாள். இந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு. அட்டையில் பென்சிலால் வரைந்த பக்கத்தைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து ஒட்ட வேண்டும். கோடு மேலே தெரிகிற மாதிரி வைத்து ஒட்டினால், முடித்துத் திருப்பும்போது உருவம் எதிர்ப்பக்கம் பார்க்கும். அவள் அப்படித்தான் ஒட்டினாள். என் கிளி போட்டோவைப் பார்க்க, அவள் கிளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வேறு செய்கிறேன் என்றேன். "உடுடீ, எங்கிளி உங்கூடக் கோவிச்சுக்கிச்சு" என்று சிரித்தாள். அப்படியே ஒட்டிவிட்டோம்.

"அங்க ஆரு கேட்டாலும் நீ செஞ்சதுன்னு சொல்லுவேன்டீ" என்றாள். நான் ஒன்றும் தியாகி இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை ஞாயிறும் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவிநாசிக்குப் போனேன்.

"வாங்க, வாங்க. பஸ்ல உக்கார எடம் கெடச்சுதுங்களா?" என்றாள். எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மாமியார் முன்னால் அப்படித்தானே பேச வேண்டும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கூடத்தில் மாமியாரும் பக்கத்து வீட்டு அம்மாக்கள் இரண்டு பேரும் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க கண்ணு, உக்காருங்க. எங்க அம்மணி கைவேலையப் பாத்தீங்களா? அத்தனையும் அதுவே வெட்டி ஒட்டுனதாமா" என்றார் மாமியார்.

நான் அவளைப் பார்த்தேன். இதோ சொல்லப் போகிறாள், இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கடைசிப் பக்கம் வந்தது. அம்மாக்களில் ஒருவர் கேட்டார்: "ஏனம்மணி, இந்தக் கிளி மட்டும் ஏன் திரும்பிக்கிட்டு நிக்குது?"

"அதுங்களா? அது மட்டும் இவிங்க செஞ்சதுங்க" என்று என்னைக் காட்டினாள். "பழக்கமில்லாம மாத்தி ஒட்டிப்போட்டாங்க."

என் வேலையைத் தன்னுடையது என்றாள், தொலையட்டும். தன் தப்பையும் அல்லவா என் தலையில் கட்டிவிட்டாள்! ஒரு துண்டு அட்டையும் கத்தரிக்கோலும் கொண்டுவரச் சொல்லியிருந்தால் அந்தக் கூடத்திலேயே அவள் குட்டு உடைந்திருக்கும். வாய்வரை வந்தது. அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அதற்காக இன்றும் என்மேல் எனக்கு ஆத்திரம்தான்.

"அதனாலென்ன கண்ணு, பழகுனா வந்துரும். அம்மணிகிட்டக் கேட்டுக்கங்க, சொல்லிக் குடுக்கும்" என்றார் மாமியார். பைண்டிங் கடையில் வேலை பார்க்கும் நான் தலையை ஆட்டினேன். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன்.

கிளம்பும்போது அவள் வாசல் கேட் வரை வந்தாள். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"கோவமாடீ?"

கையை விடுவித்துக்கொண்டேன்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். "போயிட்டு வாரனுங்க."