இறக்கையில் எழுதிய என் நம்பர்

ரிமோட் விமானம் பறக்கவிடும் கிளப்பில் சேர்ந்த அன்றே, விமானத்தின் இறக்கையில் என் போன் நம்பரை எழுதச் சொன்னார்கள். தொலைந்தால் திரும்பக் கிடைக்கத்தான் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு காலை, வேளச்சேரி தாண்டி ஒரு மைதானத்தில் திடீரென்று சிக்னல் போய்விட்டது. ரிமோட்டை என்ன செய்தும் கேட்காமல், என் விமானம் அடுக்குமாடி வீடுகளின் பக்கம் போய் மறைந்தது.

"யார் தலையிலயும் விழாம இருக்கணும் மச்சி" என்றான் பக்கத்தில் நின்ற நண்பன். கையில் ரிமோட்டோடு நின்றுகொண்டே இருந்தேன்.

போன் அடித்தது. ஒரு பெண் பேசினார்.

"சார், உங்க பிளேன் எங்க மொட்டை மாடில விழுந்து கீது. அது விழுறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடிதான் அங்கேர்ந்து கொழந்தைய தூக்கிக்கினு கீழ வந்தேன். வந்து எடுத்துக்கினு போங்க."

போனேன். அவர் திட்டவே இல்லை. இடுப்பிலிருந்த குழந்தை விமானத்தைப் பார்த்துச் சிரித்துக் கை நீட்டியது.

இன்றைக்கும் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், எடுக்கக் கை வருவதில்லை.