பூர்ணிமாவின் கீபோர்டு

அப்போது நான் செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் டீம் லீடர். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் செய்யும் வேலை. என் டீமில் பூர்ணிமா என்று ஒருத்தி. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

ஒருநாள் அவள் லீவு. அவசரத்துக்கு அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஒரு எழுத்தை அழுத்தினால் வேறொன்று விழுந்தது. எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. யாரும் தொடக் கூடாதென்று ஏதோ செய்து வைத்திருக்கிறாள். நோயாளிகளின் விவரங்களை வெளியே அனுப்புகிறாளோ? அவள் வந்ததும் இரண்டு நாள் பின்னால் நின்று கவனித்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பூர்ணிமா சுடிதார் கையை ஏற்றி, மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைக் காட்டினாள்.

"வலி தாங்கல சார். எழுத்து வரிசைய மாத்தி வச்சா விரல் அவ்வளவு தூரம் எட்ட வேணாம். மூணு மாசம் வீட்ல பழகினேன். இப்பதான் வலி கொறஞ்சிருக்கு."

"கம்பெனி மெஷின்ல இதெல்லாம் கூடாதும்மா. பழையபடி மாத்திடு," என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் அவர் கேட்பார். நான் குனிந்து ஃபைலைப் புரட்டினேன்.

"ஹவ் சார்" என்று அந்த ஊர் வழக்கில் 'சரி' சொல்லித் தலையாட்டிவிட்டுப் போனாள். பழையபடி மாற்றியதில் வலி திரும்பி வந்து, அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள்.

பிறகு அந்த எழுத்து வரிசையை நானும் பழகிப் பார்த்தேன். நாலே நாளில் விட்டுவிட்டேன். அது எல்லாருக்கும் பலன் தருமா என்று இன்றும் தெரியாது. அவளுக்கு வலி குறைந்திருந்தது. அதைத் திரும்ப வரவழைத்தது நான்தான்.