பதினைந்து இரவும் இரண்டு நாடும்

பெரியப்பா சுவிஸில் இருக்கிறார். அவருடைய தங்கை, எனக்கு மாமி, பிரான்ஸில். வேலையிடத்தில் எனக்கு நீண்ட லீவு கிடைத்ததும் இரண்டு நாட்டையும் பதினைந்து இரவில் பார்த்துவிடத் துடித்தேன். ஒரே விசா இரண்டுக்கும் செல்லும். ஆனால் எங்கே ஓர் இரவாவது அதிகமாகத் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் அதைக் கேட்க வேண்டும். எட்டு யாருக்கு, ஏழு யாருக்கு? இணுவிலில் எங்கள் காணியைப் பிரித்தபோதுகூட இவ்வளவு கதைக்கவில்லை.

படித்த திமிரில் ஓர் அட்டவணை போட்டேன். சுவிஸில் பிராங், பிரான்ஸில் யூரோ. மெல்லிய இரண்டு முனைச் சார்ஜர் இரு நாட்டிலும் ஏறும். எங்கள் வீட்டுச் சதுர மூன்று முனை ஒன்றிலும் ஏறாது. பிரான்ஸில் வாங்கும் சிம் எல்லை தாண்டினால் காசைத் தின்னக்கூடும். குழாய்த் தண்ணீரை இரண்டிடத்திலும் குடிக்கலாம். அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். எல்லோரும் வாசித்துத் தெளிவார்கள் என்று நினைத்தது என் பிழை.

பெரியப்பா உடனே அழைத்தார். "ரெண்டு தண்ணியும் ஒண்டெண்டு எழுதியிருக்கிறாய். எங்கடை தண்ணி மலையிலையிருந்து வாறது, தெரியுமோ?"

அடுத்தது மாமி. "அண்ணையின்ரை இடத்திலை ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை திறந்திருக்குமோ, ஒரு பாண் வாங்கேலுமோ எண்டு கேட்டுப் பார்."

இருபத்தைந்து வருடத்தில் பெரியப்பா வேலைக்குப் போகும் ரயிலைத் தவிர வேறொன்றில் ஏறியதில்லை. மாமி ஈபிள் கோபுரத்தடிக்குப் போவது ஊரிலிருந்து வருபவர்களைப் படம் எடுக்க மட்டும். இருவரும் ஐரோப்பாவை எனக்கு விளக்கினார்கள்.

பிறகு இரண்டு அழைப்புக் கடிதங்கள் வந்தன. இரண்டிலும் எட்டு இரவு. ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். தமையனுக்கும் தங்கைக்கும் நடுவில் பிறந்தவர் அவர்.

"ரெண்டையும் வை. ஒண்டை விட்டால் நான் சாகுமட்டும் பேச்சுக் கேக்க வேணும்."

பெரியப்பா மூத்தவர் என்பதால் சுவிஸிடம் விசா கேட்டு, இரண்டு கடிதத்தையும் வைத்தேன். கொழும்பில் கவுண்டரில் இருந்த பெண் கூட்டிப் பார்த்து, பதினாறு வருகிறதே, எது சரி என்று கேட்டார். குடும்ப மரியாதையைக் காப்பாற்றும் அவசரத்தில் இரண்டும் சரி என்றேன்.

விசா மறுக்கப்பட்டது. பயணத் திட்டம் நம்பும்படியாக இல்லையாம். எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

சுவிஸ்காரர் அப்படித்தான், பிரான்ஸிடம் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள் என்றார் மாமி. அவளின் கடிதம்தான் கெடுத்தது என்றார் பெரியப்பா. லீவு தொடங்கிய அன்று, நான் வீட்டில் படுத்திருக்க, அவரே மறுபடி அழைத்தார். அடுத்த முறை ஒன்பது இரவு எழுதித் தருகிறாராம், மாமிக்குச் சொல்லவேண்டாமாம்.

நான் சொல்லவில்லை. மாமி முந்தின நாளே பத்து இரவு என்று கடிதம் அனுப்பியிருந்தார்.