கயிறு கட்டிய தர்பூசணிகள்

இனிப்பில்லாத தர்பூசணிக்கு எவன் காசு கொடுப்பான் என்று அதிராம்பட்டினத்தில் என்னைக் கேட்காத ஆளில்லை. தஞ்சாவூரில் காலையில் வேர்க்க விறுவிறுக்க நடக்கிறவர்கள் வாங்குவார்கள், சர்க்கரைக்குப் பயந்தவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்று வாய் கிழியப் பேசுவேன். உண்மையில் நான் அதைத் தொடங்கியது என் மனைவிக்காக. பெண்டாட்டிக்காக ஒருவன் பழத்தையே மாற்றப் பார்க்கிறான் என்று தெரிந்தால் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது.

அவளுக்குத் தர்பூசணி என்றால் உயிர். துபாயிலிருந்து நான் ஊர் திரும்பிய வருடம்தான் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அந்த நோன்பு மாதத்தில் எல்லோரும் பழம் தின்ன, அவள் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு வெறும் கஞ்சியைக் குடித்தாள். என்னால் தாங்க முடியவில்லை. கடற்கரைப் பக்கம் கொஞ்சம் மணல் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தேன்.

இனிப்பைக் குறைப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் இனிப்போடு சிவப்பும் போய், பழம் வாயில் வெள்ளரிக்காய் மாதிரி ஆகிவிடும். சிவப்பும் சத்தும் நிற்க வேண்டும், இனிப்பு மட்டும் இறங்க வேண்டும். அதற்காக மாலையிலேயே மொட்டுகளைக் காகித உறையால் மூடிவைத்து, விடிந்ததும் தேனீக்கு முந்தி நானே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைப்பேன். அப்படிப் பிடித்த காயின் காம்பில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு. பழுத்ததும் வெட்டி, கருவியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு இனிப்பை அளந்து, தேறிய பழத்தின் விதையை மட்டும் அடுத்த பருவத்துக்கு வைப்பேன். ஐந்து வருடம் இதே வேலை. போன வருடம் ஒரு கொடி நான் நினைத்தபடியே காய்த்தது. அதன் விதை முழுவதையும் இந்தப் பருவத்தில் போட்டேன். ஒரு பிடியாவது மிச்சம் வைத்திருக்க வேண்டாமா? அவசரக்காரன் நான்.

காய் பழுக்கும் நேரத்தில் நோன்பு வந்தது. அவளுக்குக் கால் புண் முற்றி, தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயலை அவள் தம்பியிடம் விட்டேன். ஓரத்தில் சாதாரண ரகமும் போட்டிருந்தேன். முதல் பறிப்பை நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குக் கொடுப்பது வழக்கம். இந்த வருடமும் கொடுத்துவிடு என்று நானே போனில் சொன்னேன். கயிறு கட்டியதைத் தொடாதே என்று சொல்ல மறந்தேன்.

நாலாம் நாள் மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தவன் வயலுக்கும் போனேன். கொடியில் காம்பும் கயிறும்தான் இருந்தன.

"கயிறு கட்டுனது எங்கடா?"

"பள்ளிக்குக் கொடுத்துட்டேன் மச்சான். நீங்க பாத்துப் பாத்து வளத்தது அதுதானே? அல்லாவுக்குக் கொடுக்குறப்ப மட்டமானதையா கொடுக்குறது?"

அடிக்கக் கை ஓங்கினேன். அவனும் நோன்பு, நானும் நோன்பு. கை தானாக இறங்கிவிட்டது. அவன் சொன்னதில் என்ன தப்பு? அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பள்ளிவாசலில் விசாரித்தேன். பழம் நல்ல சிவப்பு, இனிப்புதான் இல்லை என்று சீனியைக் கொட்டிச் சர்பத் போட்டுவிட்டார்களாம். வடிகட்டிய விதை கொல்லைக் குப்பையில், சாதாரணப் பழத்து விதையோடு கலந்து கிடந்தது. கோழிகள் தின்றது போக மிச்சத்தில் எது என்னுடையது என்று எப்படித் தெரியும்? ஒன்றுக்கும் ஆகாது என்று தெரிந்தே ஒரு பிடி பொறுக்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் தம்பியைத் திட்டக் கூடாது என்றாள்.

மறுநாள் டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். அவளுடைய கிட்னி இரண்டும் பழுதாகி வருகிறதாம். சாப்பிடக் கூடாததை வரிசையாகச் சொன்னபோது தர்பூசணியும் வந்தது.

"இனிப்பு கம்மியான ரகமா இருந்தா?" என்றேன்.

"பிரச்சினை இனிப்பு இல்லீங்க, அதுல இருக்குற பொட்டாசியம். எந்த ரகமா இருந்தாலும் இனிமே வேணாம்."

வராந்தாவில் ஒரு மூலையில் நின்று அழுதேன். ஐந்து வருடம் எதைத் துரத்தினேனோ, அது கிடைத்திருந்தாலும் அவளுக்கு ஒரு துண்டு கொடுத்திருக்க முடியாது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அவள் என் பையிலிருந்த விதைகளைக் கட்டிலில் செய்தித்தாள் விரித்துப் பரப்பி, பொக்கு விதையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இதை எப்போ போடுவீங்க? அடுத்த நோன்புக்காவது எனக்கு ஒரு துண்டு கிடைக்குமா?"

"மழை விட்டதும் போட்டுடலாம்" என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் விதை பொறுக்கினேன்.